பால் விடாத ஆணம்

என் மகள் ஐயாயிரம் மீற்றர் ஓடுகிறவள். நானோ மருதமுனையில் சாறன் துணிக் கடை வைத்திருக்கிறவன். கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு நடந்தால் நடுவில் ஒரு தேநீர் தேவைப்படும் ஆள். பிள்ளைக்கு இந்தக் கால்கள் எங்கிருந்து வந்தன என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, "உங்கட குடும்பத்துல ஆரும் ஓடினவங்களா?" என்பார்கள்.

போன வருடம் மாகாணப் போட்டியில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவள், கடைசி இரண்டு சுற்றில் பெற்றோல் முடிந்த மோட்டார் சைக்கிள் மாதிரி இழுபட்டு ஐந்தாவதாக வந்தாள். முதல் மூன்று பேருக்குத்தான் கொழும்புக்குப் போக இடம். இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும், பள்ளிக்கூடப் போட்டி அத்தோடு சரி.

அவளைப் பழக்குகிற டீச்சர் கல்முனைத் தமிழ்ப் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்த கையோடு விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடுவார். அந்தத் தோல்விக்குப் பிறகு வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓடின அண்டைக்குக் காலையில பிள்ள என்ன சாப்பிட்ட?"

மனைவி பெருமையோடு சொன்னாள்: "முட்ட ரொட்டி ரெண்டு, இறைச்சிப் பொரியல், ஒரு கோப்ப பால். சத்தா வேணுமே டீச்சர்."

டீச்சர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபமோ என்று நினைத்தேன்.

"அது ஓடுறவக்குச் சாப்பாடில்ல, படுக்கிறவக்கு. கொழுப்பு வயித்த விட்டு இறங்கச் சுணங்கும். காலுக்கு வேணும் மாச்சத்து. சோறு, இடியப்பம், கிழங்கு, வாழைப்பழம். எண்ணெயும் தேங்காப்பாலும் குறையுங்க. போட்டிக்கு முதல் நாள் பகல் சோறுதான் முக்கியம், அத நல்லாக் குடுங்க. ஓடி முடிச்ச கையோடயும் சாப்பிடக் குடுங்க. சுணக்கப்படாது."

எண்ணெய் சரி. தேங்காய்ப்பால்! எங்கள் கரையில் ஆணம், குழம்பு என்றாலே பால்தான். மீதி எல்லாம் அதில் மிதக்கிற சாமான். "பால் உடாத ஆணம் மௌத்து வீட்டுலயும் இல்ல" என்று சாவு வீட்டையும் இழுத்து மனைவி கையை விரித்தாள். ஆகவே அடுப்படி என் கைக்கு வந்தது. வந்தது என்றால், நான் பறித்தேன். மாப்பிள்ளைப் பொடியன்களுக்குச் சாறன் கரை காட்டுவதை விட்டுவிட்டு, கடையில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் ஓட்டக்காரர்களின் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஏதோ நூல் மாதிரியான மாச் சாமானைத் தின்றுகொண்டிருந்தார்கள். நமக்கு இடியப்பம் இல்லையா?

உண்மையில் அவ்வளவு கஷ்டமில்லை. பக்கத்து வீட்டில் வாங்குகிற இடியப்பத்தை உதிர்த்து, இரண்டு கோழிக்கூட்டு வாழைப்பழத்தைப் பிசைந்து, மேலே கித்துள் பாணி ஊற்றினால் ஒரு சாப்பாடு. வாய் கொப்பளிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். பருப்பைப் பால் விடாமல் மஞ்சளும் உள்ளிப் பூண்டும் போட்டுக் குழைய அவித்து, இறக்கி, தேசிக்காய் பிழிந்து சுடுசோற்றில் ஊற்றினால் இன்னொன்று. மரவள்ளிக்கிழங்கு அவித்து, மாசிக் கருவாடு, வெங்காயம், செத்தல் மிளகாய் இடித்து வைத்தால் அது மூன்றாவது. துருவின தேங்காய்ப்பூ வேண்டும் என்று நாக்கு அழும், அழட்டும். மகள் கடற்கரையில் ஓடிவிட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே நான் கோப்பையோடு நிற்பேன்.

"எண்ணெய் இல்ல, பால் இல்ல, வயித்துக்கு ஒண்டும் செய்யா. தின்னு புள்ள."

"வாப்பா, மூச்சு எடுக்க உடுங்க."

"மூச்செல்லாம் பொறகு. டீச்சர் சுணக்கப்படா எண்டவ."

நான் அவற்றைத் தின்றதில்லை. உப்புப் பார்க்க விரல் நுனியை வைப்பேன், அவ்வளவுதான். என் சோற்றுக்கு மனைவி தனியாகப் பாலாணம் காய்ச்சுவாள். பயிற்சி பிள்ளைக்குத்தானே.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் என் மனைவியின் அண்ணன், அவளுக்குக் காக்கா, எனக்கு மச்சான், தன் மகளுக்குக் கலியாண நாள் குறித்தார். எந்த நாள்? போட்டிக்கு முதல் நாள். எந்த நேரம்? பகல் சோறு. நற்பிட்டிமுனையில் வீடு, சவளக்கடைப் பக்கம் வயல், ஊருக்குள்ளே மரியாதை, கையில் மாடு. அந்த மாட்டை நான் போன மாதமே பார்த்திருந்தேன். கொழுத்த மாடு. அது என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"புள்ள வராம இரிக்கட்டும்" என்றேன் மனைவியிடம்.

"பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கிறதே இவதான். வராட்டி காக்கா என்ட முகத்துல முழிப்பாரா?"

"அப்ப சாப்பிடாம வரட்டும்."

"கலியாண ஊட்டுல சாப்பிடாம வாறதா? உங்களுக்கு விசரா?"

எனக்கு விசர்தான். அன்று காலையில் சோற்றையும் தேசிக்காய்ப் பருப்பையும் ஒரு பெட்டியில் அடைத்து, பையில் போட்டு, மோட்டார் சைக்கிள் கைபிடியில் கொழுவினேன். மனைவியும் மகளும் ஓட்டோவில் முன்னே போனார்கள். போனதும் பையை மகளிடம் கொடுப்பது, அவள் ஓர் அறையில் ஒதுங்கிச் சாப்பிடுவது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, மச்சான் வாசலிலேயே நின்றதைத் தவிர. மோட்டார் சைக்கிளை நிறுத்த முதலே என் கையைப் பிடித்துவிட்டார்.

"வாங்க மச்சான், வாங்க. சஹன் வெச்சாச்சி. உங்களுக்காக ஒரு இடம் காத்துக்கிடக்கு."

சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து உண்கிற ஒரே பெருந்தட்டு. அவரவர் முன்னால் இருக்கிற பங்கை அவரவர் தின்ன வேண்டும். ஆறு பேரும் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. எழும்பினால் மற்ற ஐந்து பேரையும் வீட்டுக்காரரையும் ஒரே அடியில் அவமதித்த மாதிரி. நான் இருத்தப்பட்டபோது பிஸ்மி சொல்லியாயிற்று. அப்போதுதான் நினைவு வந்தது, பை கைபிடியிலேயே தொங்குகிறது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு பெரிய பச்சைத் துணி கட்டியிருந்தது. அந்தப் பக்கம் என் மகள். அவள் முன்னாலும் இதே சஹன், இதே மாடு. போன வருடத்து முட்டை ரொட்டி இப்போது கொம்பு முளைத்து வந்திருக்கிறது. இடது கையால் மனைவிக்கு அழைத்தேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. கலியாண வீட்டில் பெண்களின் கைத்தொலைபேசி கைப்பையில் இருக்கும், கைப்பை அலுமாரியில் இருக்கும், சாவி ஆரோ ஒரு மாமியிடம் இருக்கும்.

துணியைப் பார்த்தேன். திரும்பிக் குனிந்தால் என் பங்கில் இரண்டு இறைச்சித் துண்டு கூடியிருந்தது.

"தின்னுங்க தம்பி, கூச்சப்படாதீங்க" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். தன் பங்கிலிருந்து தள்ளியிருக்கிறார். விருந்தாளியை அப்படித்தான் கவனிப்பது.

தின்றேன். துணிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம். என்ன சிரிப்பு? பிள்ளை தின்கிறாளா? மறுபடியும் எட்டிப் பார்த்தேன். துணி என்ன காட்டும், துணியைத்தான் காட்டியது. குனிந்தால் இந்த முறை ஒரு நெஞ்செலும்பு, கொழுப்போடு.

"அங்க என்ன பாக்கிறீங்க மச்சான்?" என்று எதிரே இருந்தவர் கேட்டார். "அந்தப் பக்கம் கறி கூடவெண்டா?"

"இல்ல, மகள்... நாளைக்கு ஓடுறா."

சஹனில் ஐந்து கைகளும் நின்றுவிட்டன. என் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று எனக்கு உறைக்க ஒரு வினாடி பிடித்தது.

"ஓட்டப் போட்டி! ஓட்டப் போட்டியில ஓடுறா!"

"அல்லாஹ்வே" என்றார் பக்கத்துப் பெரியவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு. "கலியாண ஊட்டுல வெச்சிச் சொல்லுற கதையா இது?" அந்த நிம்மதியில் அவர் இன்னும் ஒரு துண்டைத் தள்ளினார்.

அன்று நான் துணியைப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு துண்டு வந்தது. முன்னால் இருப்பதை மிச்சம் வைக்கவும் கூடாது. கடைசியில் இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தபோது என்னால் துணியைத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, கழுத்து அசையவில்லை.

கை கழுவுகிற இடத்தில்தான் மகளைப் பிடித்தேன்.

"எவ்வளவு இறைச்சி தின்ன? உண்மையச் சொல்லு."

"ஒரு துண்டு, வாப்பா."

"ஒரு துண்டா? மாமி உட்டாவா?"

"மாமி வெச்சிக்கிட்டேதான் இருந்தா. நான் என்ட இறைச்சியச் சுத்தி எல்லாருக்கும் தள்ளிட்டன். அவளுகள் எல்லாம் அவளுகள்ட வெறுஞ்சோத்த எனக்குத் தள்ளினாளுகள். என்ட பங்குல இறைச்சி இல்லெண்டு மாமி மறுகாவும் கொண்டு வந்து வெச்சா. அதையும் தள்ளினன்." சிரித்தாள். "என்ட சஹன்ல வந்து இரிக்கச் சண்டையே நடந்த."

மச்சான் தன் வயல் நெல்லில்தான் சோறு என்று பிடிவாதமாகப் பிரியாணியை வேண்டாம் என்றிருந்தார். வெள்ளைச் சம்பாச் சோறு. ஆறு பேரின் சோற்றில் முக்கால்வாசி அவள் வயிற்றில். டீச்சர் வந்து நின்று கரண்டியால் அளந்து போட்டாலும் இதைவிடத் திறமாகப் போட்டிருக்க முடியாது. நான் பார்த்துப் பார்த்து அடைத்த பெட்டி, வெயிலில் புளித்துக்கொண்டிருந்தது.

எனக்கு நிம்மதி வந்தது. நிம்மதிக்குப் பின்னாலேயே, மெதுவாக, மாடும் வந்தது.

மறுநாள் விடிய முதல் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். ஓட்டோவில் மகள் நிதானமாக இடியப்பமும் வாழைப்பழமும் தின்றாள். ஓடி முடிந்த பிறகு தின்ன இன்னொரு பெட்டி மனைவியின் மடியில். நான் நேற்றுப் பகலுக்குப் பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிறு ஒரு கருத்துச் சொன்னது.

"முகம் என்ன இப்பிடி வெளுத்துப்போய்க் கிடக்கு?" என்றாள் மனைவி.

"புள்ளய நினைச்சி."

முதல் ஆறு சுற்றுப் பார்த்தேன். நீளக்கை உடுப்பும் தலையை இறுக்கிக் கட்டிய துணியுமாக அவள் நாலாவதாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள். அவசரம் முழுவதும் எனக்கு. ஏழாவது சுற்றில் பொறுக்க முடியவில்லை. மைதானத்தின் பின்பக்கம் தகர வேலிக்குள் இருந்த கழிவறையை நோக்கி நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது மரியாதைக்காக.

உள்ளே இருந்து எல்லாம் கேட்டது. ஒலிபெருக்கி, விசில், சனத்தின் சத்தம். கடைசிச் சுற்று மணி அடித்தது. சத்தம் கூரையைத் தூக்கியது. நான் தகரத்தில் காதை வைத்திருந்தேன். பிறகு அறிவிப்பாளர் முதலாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று உடுப்பில் குத்தியிருந்த இலக்கங்களை வாசித்தார். அப்போதுதான் விளங்கியது, மகளின் இலக்கம் எனக்குத் தெரியாது. இடியப்பத்தில் எண்ணெய் உண்டா என்று இத்தனை மாதம் பார்த்தவன், பிள்ளையின் முதுகைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். எந்த முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் மகள் காலை நீட்டி இருந்தாள். பக்கத்தில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எந்தக் கண்ணீர் என்று கண்டுபிடிக்க இருபது வருடக் குடும்ப வாழ்க்கை போதவில்லை.

"மூணாவது, வாப்பா!" என்றாள் மகள். "கடைசிச் சுத்துல ஒருத்திய முந்தினன். பாத்தீங்கதானே?"

"ஓம் ஓம். பாத்தன். சரியான ஓட்டம்."

"எங்க நிண்டு பாத்தீங்க?" என்றாள் மனைவி.

"அந்தப் பக்கம். அங்க நல்லாத் தெரிஞ்ச."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மகள் பெட்டியைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க, கொஞ்சம் தின்னுங்க. எண்ணெய் இல்ல, பால் இல்ல, வயித்துக்கு ஒண்டும் செய்யா."

ஒரு வாய் வைத்தேன். பாணி ஊறிய இடியப்பம், பழத்தோடு குழைந்து, சும்மா வழுக்கிக்கொண்டு இறங்கியது. இவ்வளவு ருசியாகவா நான் செய்து கொண்டிருந்தேன்? அவள் எந்த வளைவில் முந்தினாள், அந்தப் பிள்ளை எப்படி முழங்கையை விரித்தது, கால் ஏன் இந்த வருடம் கனக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் தலையாட்டிக்கொண்டே தின்றேன்.

டீச்சர் விசிலோடு வந்தார். மகளின் தலையைத் தடவினார்.

"கொழும்புக்குப் போறம், என்ன? சரி, பிள்ள சாப்பிட்டாச்சா? சுணக்கப்படாதெண்டு சொன்னனான்."

மூன்று பேரும் என் மடியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பெட்டியில் பாணி ஒட்டிய ஒரே ஒரு இடியப்ப நூல் கிடந்தது.

மைதான வாசலில் ஒருவர் வாழைக்குலை தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்ததை வரும்போது கண்டிருந்தேன். மைதானத்தைச் சுற்றிப் போக நேரமில்லை. குறுக்கே விழுந்து ஓடினேன். அடுத்த போட்டிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்னால் மகளின் சத்தம் கேட்டது:

"வாப்பா, மூச்சு எடுத்து எடுத்து ஓடுங்க!"