மிதக்கிற லைட்

என் மகன் ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் வேலை பார்க்கிறான். சுற்றுலா வருகிறவர்களைக் காயக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் உட்கார வைத்து, அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் கால்வாய்களைக் காட்டிக் கூட்டி வருகிற வேலை. அவன் அந்த வேலைக்குப் போன புதிதில், நான் தறி ஓட்டும் பவர்லூம் ஷெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "குடிதண்ணிக்கு லாரியப் பாத்துக் கெடக்குற ஊர்ல பொறந்துட்டு ஒம் மகன் படகோட்டவால்ல போயிருக்கான்" என்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். எனக்குப் பேச வராது. பத்தாவது வரை படித்தேன். அப்போதும் வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் சேர்த்து என் மனைவி பேசினாள். கடையில், பஸ்ஸில், ரேஷனில், எங்கேயும் அவள்தான் முன்னால் நிற்பாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று மதுரையில் சொன்னார்கள். மகனிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் போய் வந்தோம். கடைசியாகப் போனபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அதன் பிறகு அவள் சொன்னாள்:

"நம்ம மகன்ட்ட சொல்லாதீக. இப்பத்தான் ஒரு வேலையில நெலச்சு நிக்கிறான். கூட்டம் வார நேரம் வேற. சொன்னமுன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வந்து ஏங் கட்டிலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவான். பொங்கலுக்கு வருவான்ல."

சரி என்றேன். பொங்கலுக்கு நாள் நிறைய இருந்தது. அவளுக்கு அவ்வளவு நாள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மகன் போனில் ஒரு கதை சொன்னான். சூரிய உதயம் பார்ப்பதற்காக இருட்டோடு படகை எடுப்பார்களாம். அன்றைக்குக் கால்வாய்க்குள் பாதி தூரம் போனதும் கையில் இருந்த லைட்டுக்குள் தண்ணீர் இறங்கி அணைந்துவிட்டது. படகில் இருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பயந்துபோய் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்களாம். விடியும்வரை ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறான். அவன் சிரிப்பாகத்தான் சொன்னான். இவள் சிரிக்கவில்லை. போனை வைத்ததும், "நல்ல லைட்டா ஒண்ணு வாங்கி ஏங் கையால அவனுக்குக் குடுக்கணும்" என்றாள்.

மறுநாள் அருப்புக்கோட்டை பஜாருக்குப் போனோம். நடக்க முடியாதென்று ஆட்டோ பிடித்தேன். நாங்கள் வழக்கமாக மோட்டார் சாமான் வாங்கும் எலக்ட்ரிக் கடைதான். ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு பேச்சைத் தொடங்கினாள்.

"அண்ணாச்சி, தண்ணிக்குள்ள விழுந்தாலும் அணையாத லைட்டு இருக்கா?"

"தண்ணிக்குள்ளயா? நம்மூர்ல தண்ணி எங்க கெடக்கு அக்கா, விழுகுறதுக்கு?"

"எங்கூர்ல இல்ல, ஏம் மகன் இருக்குற ஊர்ல கெடக்கு. கடலு."

அண்ணாச்சி நாலைந்தை எடுத்து வைத்தார். எல்லாமே வாட்டர் ப்ரூஃப் என்றார். அப்படியென்றால் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள், போட்டுப் பார்க்கலாம் என்றாள் இவள்.

"அதெப்படிக்கா? மழையில நனஞ்சா ஒண்ணும் ஆகாது, அம்புட்டுத்தான். வாளியில போட்டு எடுத்துட்டு நீங்க வேண்டாமுன்னுட்டா, பெறகு நான் அத யாருக்கு விக்க?"

"நனஞ்சா விக்க முடியாதுன்னா அது என்ன அண்ணாச்சி வாட்டர் ப்ரூஃபு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்துவிட்டு, உள்ளே போய் இரும்பு உலக்கைத் துண்டு மாதிரி ஒரு லைட்டைக் கொண்டுவந்தார். மூடியில் ரப்பர் வளையம் போட்டிருந்தது. முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தாலும் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதைக் காட்டினார். இவள் அதைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நல்ல கனம். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கனம்தான் பிடித்துப்போனது.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் கிணறெல்லாம் பாதாளம். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையென்றால், ஊற்று வற்றிவிட்டதா, குழாய் முனையில் எதுவும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, டார்ச் லைட்டைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவோம். லேசான லைட் என்றால் காற்றுக்கு ஆடிச் சுவரில் மோதிக் கண்ணாடி உடைந்துபோகும். கனமானது நேராக இறங்கும். அதனால் கனமான லைட்தான் நல்ல லைட் என்பது எங்களுக்குள் ஊறிப்போனது. கடலுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மில் லைட்டை எரியவிட்டுப் போட்டோம். தொம்மென்று அடியில் போய் உட்கார்ந்தது. ராத்திரி முழுக்கக் கிடந்து, காலையில் பார்த்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகனுக்கு வீடியோ கால் போடச் சொல்லி, டிரம்முக்கு மேலே போனைப் பிடிக்கச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அம்மா, லைட்டு சூப்பரு. ஆனா அடியில கெடந்து எரிஞ்சு என்ன செய்ய? கை நழுவி விழுந்துச்சுன்னா நான் முங்கியா எடுப்பேன்? மெதக்கணும்மா."

"மெதக்கணுமா?" என்று இவள் என்னைப் பார்த்தாள். லைட் மிதக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்து, கிணற்றில் விழுந்தது அடியில்தான் கிடக்கும். வாளியோ குடமோ விழுந்தால் கொக்கி கொக்கியாக இருக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி விட்டுத் துழாவி எடுப்போம்.

"ஏய்யா, பாதாளக் கரண்டி போட்டு எடுத்துக்கிற முடியாதா?"

"கடலுக்கா? கடலுக்குப் பாதாளக் கரண்டி போடச் சொன்ன மொத ஆளு நீதாம்மா!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இவளும் சேர்ந்து சிரித்து, அது இருமலாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் போனை வேறு பக்கம் திருப்பி, "டவர் இல்லப்பா" என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் வெளியே வரவில்லை. வாசல் காற்று வரும் இடத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தாள். லைட்டை நான்தான் மாற்றிக்கொண்டு வரவேண்டும். கடைக்கு எதிரே டீக்கடையில் நின்று, உள்ளே கூட்டம் குறையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறையவில்லை. கடைசியில் உள்ளே போய் லைட்டை மேஜையில் வைத்தேன்.

"என்னண்ணே, எரியலையா?"

"எரியுது."

"தண்ணி எறங்கிருச்சா?"

"இல்ல. மெதக்கல."

"என்னது?"

"மெதக்கல அண்ணாச்சி."

பக்கத்தில் ஒயர் வாங்க நின்ற ஆள், "டார்ச் லைட்டு மெதக்கலன்னு திருப்பிக் கொண்டாந்த மவராசன இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அண்ணாச்சிதான், "அக்கா வரலையா? அவுக வந்தாத்தான் கடை கலகலன்னு இருக்கும்" என்றார். உடம்புக்கு முடியவில்லை என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆளை வைத்து மதுரையில் இருந்து வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லி, போனில் ஒவ்வொன்றாகப் படம் காட்டினார்.

அவள் கூட இல்லாமல் ஒரு பொருளை நான் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. மகனிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். சார்ஜ் போடும் ஓட்டை இருந்தால் உப்புத் தண்ணீர் எப்படியும் அரித்துவிடும், அதனால் திருகு மூடி போட்ட பேட்டரி லைட் வேண்டும். ஈரக் கையால் போட்டு அணைக்கிற மாதிரி சுவிட்ச் பெரிதாக இருக்க வேண்டும். துடுப்புப் போட இரண்டு கையும் வேண்டும் என்பதால் மிதவைச் சட்டையில் மாட்ட ஒரு கொக்கி வேண்டும். மிதக்கும்போது வெளிச்சம் மேலே பார்த்து இருக்க வேண்டும். இத்தனையும் உள்ள ஒன்று நாலைந்து நாளில் பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. ஆரஞ்சு கலரில் பிளாஸ்டிக். கையில் வாங்கினால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

"என்னங்க, வெளாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

ஒரு அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். அவள் ஒருக்களித்துப் படுத்தபடி லைட்டைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். விட்டதும் துள்ளி மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி வந்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, அப்படியே நின்றது. கை ஓய்ந்து தொங்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள். துண்டால் விரல்களைத் துடைத்துவிட்டபோது, "அவன் கையில நாந்தான் குடுப்பேன். நீங்க குடுத்துறாதீக" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் தெருக் கோடிக்குப் போய் மகனுக்குப் போன் செய்தேன்.

"லைட்டு வந்துருச்சுப்பா."

"சரிப்பா. கூரியர்ல போட்டு விடுங்க. ரெண்டு நாள்ல வந்துரும்."

"கூரியர்ல போட்டா ஒடஞ்சுரும்."

"அது பாறையில போட்டாலும் ஒடையாதுப்பா."

அம்மாவுக்கு முடியவில்லை, வா என்று சொல்லவும் முடியாது. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் போனில் அதைச் சொல்ல மாட்டார்கள். "அம்மாவுக்கு லேசா முடியல, ஒடனே கெளம்பி வா" என்பார்கள். அதைக் கேட்டதும் பிள்ளைகள் பஸ்ஸிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள். அந்த வார்த்தையை நான் சொன்னால், உயிரோடு இருக்கிற தாய்க்காக அவன் வழியெல்லாம் அழுதுகொண்டு வருவான். அதற்கு மேல், சொல்லக் கூடாதென்று அவள் கேட்டுக்கொண்டது வேறு இருக்கிறது.

"நீயே வந்து பாத்து எடுத்துக்கய்யா."

"ஒரு லைட்டுக்கா லீவு போட? எல்லாரும் சிரிப்பாகப்பா."

"அம்மா... அவ கையால குடுக்கணுமுங்குறா."

போனில் கடல் காற்று இரைந்தது. "அம்மா முழிச்சிருக்காளா?" என்று கேட்டான். முழித்திருக்கிறாள், பேசுகிறாள், கஞ்சி குடித்தாள் என்றேன். "நாளைக்கு வாரேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் திருச்சுழி வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்கினான். கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவளை அவன் கடைசியாகப் பார்த்தது, நின்று தோசை சுட்ட கோலத்தில். இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"லீவு குடுத்தாகளா?"

"குடுத்தாகம்மா."

"வா. மெதக்குற லைட்டு வாங்கியிருக்கோம். ஒங்கப்பா கடையில போயி வாயத் தொறந்து பேசி வாங்கியாந்துருக்காக, தெரியுமா?"

தலையணைக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுப் பார்த்தான், மூடியைத் திருகிப் பார்த்தான், சட்டைப் பையில் கொக்கியை மாட்டிக் காண்பித்தான். "எங்க மொதலாளிட்டக்கூட இந்த மாதிரி இல்லம்மா" என்றான். பிறகு கட்டில் ஓரத்தில் தலையை வைத்துக்கொண்டான். அவள் பயந்தபடிதான் நடந்தது. அவன் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அவள் அவனைப் போகச் சொல்லவும் இல்லை. அந்த வாரக் கடைசியில், அவன் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பினான். நான் தினமும் போன் செய்கிறேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்: "லைட்டு நல்லா எரியுதா?" எரியுது, எரியுது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டான். அதை அவன் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோவதில்லையாம். அலை இழுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வதென்று பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்திருக்கிறானாம். இருட்டில் பழைய லைட்டோடுதான் போகிறான். மிதக்கிற லைட்டை வாங்கிக் கொடுத்தும் மிதக்க விட அவனுக்கு மனம் வரவில்லை.

அதனால் மறுபடி பஜாருக்குப் போனேன். இந்தத் தடவை டீக்கடையில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய், "அதே மாதிரி மெதக்குற லைட்டு இன்னொண்ணு வேணும் அண்ணாச்சி" என்றேன். அண்ணாச்சி சிரித்த முகமாக, "வாங்க, வாங்க. அக்காவுக்கு இப்பத் தேவலையா?" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியவேண்டியவர்கள் எல்லாரும் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனதால், அவள் இறந்ததை நான் யாரிடமும் சொல்லவேண்டி வரவில்லை. மற்றவர்களே சொல்லிக்கொண்டார்கள். இப்போது கடை முழுக்க ஆள் நிற்கிறது. எனக்காகச் சொல்ல யாரும் இல்லை.

"அவ போயிட்டா அண்ணாச்சி" என்றேன்.

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போது, எப்படி என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சாமான் வாங்க நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவு நேரம் நான் பேசியது அன்றைக்குத்தான்.