க்ளெல் கழற்றிக் கொடுத்த பேலன்சர்

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் இறந்துபோன வருஷம், முதல் பனி விழுந்த காலையில் கதவைத் திறந்து பார்த்தால் என் கார் திரும்பி நிற்கிறது. வீட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். இப்போது அதன் மூக்கு சரிவில் ரோட்டைப் பார்த்து இருந்தது. குளிரில் பேட்டரி செத்துப்போனாலும், அப்படி நிற்கிற காரில் பிரேக்கை விட்டால் போதும். தானே உருளும், கிளட்சை விட்டதும் என்ஜின் பிடித்துக்கொள்ளும். தனியாக இருக்கிற பெண் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

சாவியை வண்டியிலேயே விட்டுவைப்பது எங்கள் ஓடைப் பக்கத்து வழக்கம், ஆகவே யாராகவும் இருக்கலாம். ஆனால் பனியில் வலது கால் தடம் தனித்தனியாகவும், இடது கால் தடம் ஒரே கோடாக இழுபட்டும் கிடந்தது. அப்படிக் காலை இழுத்து நடப்பவர் எங்கள் பக்கத்தில் ஹோபர்ட் ஸ்டிதம் ஒருவர்தான். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு வருஷாவருஷம் முதல் பனிக்கு என் கார் திரும்பி நின்றது.

நான் ஐந்தாவது வகுப்போடு நின்றவள். எனக்கு எழுத வருவது இவ்வளவுதான். ஆனாலும் அவரைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் ஓடைப் பக்கத்து க்ளெல் நேப்பியர் உயிரோடு இருந்தவரை எழுதக் கூடாது என்று இருந்தேன். போன வருஷம் க்ளெல்லும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஹோபர்ட் மீசை முளைக்கும் முன்பே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனவர். கூரை சரிந்து கால் போனது. தூசி நுரையீரலை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டுக் கொட்டகையில் ஊரார் வண்டிகளைப் பழுது பார்த்தார். அவர் மனைவி செல்லாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனதும், வாரத்துக்கு மூன்று முறை மலையைத் தாண்டி டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினுக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது அவளால் உட்கார முடியாது. அதற்காகவே ஒரு பழைய வேன் வாங்கி, பின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு மெத்தை போட்டார். அந்த வேன் ஓடுகிறவரை செல்லா இருப்பாள். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒரு இலையுதிர் காலத்தில் வேன் என்ஜின் தட்ட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். என்ஜின் அடியில் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம்.

எங்கள் சபையைச் சேர்ந்த டோல்பர்ட் நீஸ் உரக்கச் சிரித்தான். "பிரதர் ஹோபர்ட், உங்க வண்டி நம்ம பிரசங்கியாரை விடச் சத்தமா கத்துதே!"

"இதைச் சாவியைத் திருப்பினா நிறுத்திடலாம் டோல்பர்ட். அவரை என்ன பண்றது?"

பிரசங்கியாரே சிரித்துவிட்டார். டோல்பர்ட் விடவில்லை. "சிரிக்காதீங்க. அது பேரிங். உள்ள எல்லாம் போச்சு. அந்த என்ஜினுக்கு ஒரு கல்லறைப் பாட்டுப் பாடி அனுப்புங்க."

மறுநாள் மெஷினுக்குப் போகிற முறை இல்லை. ஹோபர்ட் செல்லாவைச் சமையலறை நாற்காலியோடு கொட்டகை வாசலில் உட்கார வைத்திருந்தார். அவள் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பேரிங் போயிருந்தால் ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கும்போது தட்டுச் சத்தம் குறையுமாம். குறையவில்லை. கடைசியில் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, என்ஜினின் முன்பக்கம், கிராங்க் என்கிற சுழலும் தண்டின் நுனியில் இருக்கிற கனமான சக்கரத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு நேர்கோடு போட்டார். பெல்ட்டை மாட்டி ஓடை முனை வரை ஓட்டிவிட்டு வந்தார்.

"வந்து பாரு ஓமா," என்று என்னைக் கூப்பிட்டார்.

கோடு இரண்டாக உடைந்து, வெளிப்பாதி ஒரு விரல்கடை தள்ளிப் போயிருந்தது.

"இதுதான் பேலன்சர். உள்ள ஒரு வளையம், வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். ரப்பர் செத்துப்போச்சு. வெளி வளையம் தன் இஷ்டத்துக்கு ஆடுது. இப்படியே மலை ஏத்தினா கழண்டு பறந்துடும்."

"அது என்னத்துக்கு பிரதர்?"

"உன் வீட்டு வாணலியை ஆணில மாட்டித் தட்டிப் பாரு. அதிரும். கையை வெச்சா அடங்கும். கிராங்குக்கு அந்தக் கைதான் இது." செல்லாவைப் பார்த்துச் சொன்னார், "என்ஜின் நல்லாத்தான் இருக்கு. கை மட்டும்தான் போச்சு."

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சிறுநீரகம் மட்டும்தான் போச்சு," என்றாள் செல்லா. "முதல்ல அதை மாத்து கிழவா."

டவுன் கடையில் அந்த பேலன்சர் இல்லை. வரவழைக்க ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும் என்றார்கள். மறுநாள் செல்லா மெஷினில் இருக்க வேண்டும். அவள் கணுக்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. என் கார் மலை ஏறாது, பாதியில் கொதித்துவிடும். நல்ல வண்டி வைத்திருந்த ஆண்கள் எல்லோரும் பகல் ஷிப்டில் இருந்தார்கள்.

அன்று மாலை க்ளெல் நேப்பியர் வந்தார். ஒரு பழைய சட்டையில் எதையோ சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். அவர் மகன் டாயில் ஆற்றில் மூழ்கிப் போன பிறகு, பையனுடைய காரைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவைத்திருந்தார். அதன்மேல் கோழி ஏறினால்கூட விரட்டுவார். அந்தக் காரிலிருந்து பேலன்சரைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"அளந்து பாத்தேன் ஹோபர்ட், ஒரே அளவு. டாயில் இருந்தா அவனே கழட்டித் தந்திருப்பான்."

ஹோபர்ட் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். மறுபடியும் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு, "பெரிய உபகாரம் க்ளெல்," என்றார்.

க்ளெல் போனதும் செல்லா கேட்டாள், "மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?"

இரண்டு பேலன்சர்களையும் சமையலறை மேசையில் கவிழ்த்து வைத்தார். அவருடையதன் பின்பக்கம் ஒரு பாதி பள்ளமாகவும் ஒரு பாதி கனமாகவும் இருந்தது. டாயிலுடையது சுற்றிலும் ஒரே மாதிரி.

"என் என்ஜினுக்கு ஒரு பக்கம் கனம் வேணும். கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான். இது அளவு சரி, நல்லா உக்காரும். ஆனா உள்ள கிராங்க் உதறிக்கிட்டே இருக்கும், ரொம்ப நாள் ஓட்டினா முறிஞ்சிடும்."

"கனத்துக்கு ஒரு இரும்பை ஒட்டவைக்க முடியாதா?" என்றேன்.

"பத்தவெச்சா ரப்பர் உருகிடும்."

"அப்ப திருப்பிக் குடுத்திடுங்க பிரதர்."

"குடுத்துட்டு நாளைக்கு இவளை முதுகுல தூக்கிட்டுப் போறதா? அதுவும் போகட்டும். அந்தத் தார்ப்பாயை அவன் யாருக்காக அவுத்தான் ஓமா? அவன்கிட்ட போய் இது உதவாதுன்னு என்னால சொல்ல முடியாது. புதுசு வர்ற வரைக்கும் மெதுவா ஓட்டுறேன். நீ இதை யார்கிட்டயும் பேசாதே."

சுத்தியலால் அடித்துச் சேர்த்தால் உள்ளே பேரிங் நசுங்கும் என்று, ஒரு நீளமான போல்ட்டையும் நட்டையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உட்கார வைத்தார். ஸ்டார்ட் செய்ததும் தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. செல்லா கை தட்டினாள். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு பார்த்தேன், வண்டியின் மேல் அவர் வைத்திருந்த காபி கோப்பையில் காபி நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில முறை போய் வந்தார்கள். கட்டை வண்டி மாதிரி ஓட்டுகிறார் என்று பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் தினமும் முழங்காலில் நின்றேன். ஒருநாள் மெஷினிலிருந்து திரும்பும்போது மலை உச்சியில் கிராங்க் முறிந்தது. மரம் ஏற்றிய லாரிக்காரன் ஒருவன் வேனை இழுத்துவந்து கொட்டகையில் விட்டான். செல்லா மெத்தையில் கண்மூடிப் படுத்திருந்தாள்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். "நான் அன்னைக்கே சொல்லல?" என்றான் டோல்பர்ட். "பேரிங்னு சொன்னேன். நீங்க என்னடான்னா சாக்குக்கட்டியில கோடு போட்டு வைத்தியம் பாத்தீங்க."

க்ளெல் தொப்பியைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹோபர்ட், நான் குடுத்தது சரியா வேலை செஞ்சுதா?"

நான் ஹோபர்ட்டைப் பார்த்தேன்.

"அருமையா வேலை செஞ்சுது க்ளெல். சத்தமே இல்ல," என்றார் ஹோபர்ட். "டோல்பர்ட் சொன்னதுதான் சரி. பேரிங் முன்னாடியே போயிருந்திருக்கு. நான்தான் கவனிக்கல."

க்ளெல்லின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஊரில் ஹோபர்ட்டிடம் யாரும் வண்டியைக் காட்டவில்லை. பேரிங் சத்தம்கூடத் தெரியாதவர் என்று பேர் ஆகிவிட்டது.

அதே வாரத்தில் கடையிலிருந்து புது பேலன்சர் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார். டாயிலுடையதைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் தடவி, அதே சட்டையில் சுற்றிக் க்ளெல்லிடம் கொடுத்தார். தார்ப்பாய் மறுபடியும் கட்டப்பட்டது.

சபையார் முறை வைத்து செல்லாவைக் கூட்டிப் போனார்கள். அதிகம் போனது க்ளெல்தான். குளிர்காலம் முற்றியதும் மலை ரோடு பனிக்கட்டியாகிவிட்டது. ஒருமுறை தவறியது, மறுமுறையும் தவறியது. ரோடு திறந்ததும் க்ளெல் வண்டியோடு வந்து நின்றார். "போதும் இந்த மெஷின், வீட்டுக்குள்ள வாங்க, குளிருது," என்றாள் செல்லா. அந்த வாரமே போய்விட்டாள். நாங்கள் அத்தனை பேர் ஜெபித்தோம். என்ன பதில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த இலையுதிர் காலத்துக்குள் ஹோபர்ட்டுக்கு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. ஓஹையோவிலிருந்து மகள் வந்து அழைத்துப் போனாள். வசந்தம் வரும் முன் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அவர் கிளம்பின காலையில் பனி இன்னும் விழவில்லை. சோள ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். மகளின் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, மூச்சு இரைத்தது. காலையில் அவ்வளவு சீக்கிரம் எங்கே போய் வந்தார் என்று மகள் கடிந்துகொண்டிருந்தாள். அவர் கண்ணாடியை இறக்கி ரொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓமா," என்றார், "உன் காரை ரோட்டைப் பாக்கத் திருப்பி வெச்சிருக்கேன். அடுத்த வருஷம் நீயேதான் திருப்பிக்கணும்."