ஸ்கேன் படத்தில் தெரியாத பயம்

இரண்டு வருடத்துக்கு முன், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் மேரு என்கிற ஊரில், நாங்கள் சரக்கு ஏற்றும் கிடங்கில் நடந்தது இது. பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை, லோரி ஓட்டுகிறவன். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி ராணுவத்தில் இருந்தான். லெபனானில் அமைதிப்படை வேலை முடிந்து திரும்பியவன், கொஞ்ச நாளில் ராணுவத்தை விட்டுவிட்டு என்னோடு சரக்கு இறக்க வந்தான்.

எங்கள் கிடங்கில் லோரியைப் பின்னால் எடுக்கும்போது, பின்னால் நிற்பவர் தகரத்தில் படார் படார் என்று இரண்டு அடி அடிப்பார். 'போதும், நிறுத்து' என்று அர்த்தம். அன்று பக்கத்து லோரிக்கு ஒருவர் அப்படி அடித்தார். மச்சான் கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு என்னைத் தரையில் தள்ளி, என் மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டான். அவன் உடம்பெல்லாம் நடுங்கியது.

"என்னா பாஸ், சண்டைக்குப் போனியா, சமைக்கப் போனியா?" என்று லோரியைத் தட்டியவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். என் வெட்கத்தை மறைக்க நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை. தூக்கமும் இல்லை. என் மனைவி அழுததால் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். லெபனானில் ஒருமுறை தலையில் அடிபட்டிருந்ததால் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். காயம் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அதான் ஒன்னும் இல்லியே லா. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு" என்றேன்.

அவன் தலை குனிந்தான். "கை ஒடிஞ்சு வந்திருந்தா நம்பியிருப்பீங்க மாமா. அந்தப் படத்துலயாவது ஏதாச்சும் தெரியணும்னு சாமிய வேண்டிக்கிட்டு இருந்தேன்." இனி எந்த டாக்டரிடமும் வரமாட்டேன் என்று எழுந்துவிட்டான்.

டாக்டரம்மா அவனை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, வீட்டைப் படம் பிடிச்சா, உள்ள அலாரம் அடிக்கிற சத்தம் படத்துல கேக்குமா?"

பிறகு ஒரு தாளில் மூளையை வரைந்து காட்டினார். உள்ளே பாதாம் பருப்பு மாதிரி ஒரு சின்னப் பகுதி. ஆபத்து என்றால் அதுதான் அலாரம் அடிக்குமாம். அதை ஒட்டி ஞாபகத்துக்கான பகுதி. 'அது அங்கே நடந்தது, இப்போது நீ வீட்டில் இருக்கிறாய்' என்று சொல்ல அது உதவுமாம். இவனைப் போல, ஆபத்து முடிந்த பிறகும் அலாரம் ஓயாத பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த ஞாபகப் பகுதி மற்றவர்களைவிடக் கொஞ்சம் சிறிதாகத் தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே அப்படியா, கஷ்டத்துக்குப் பிறகு சுருங்கியதா என்று இன்னும் முழுதாகத் தெரியாது. ஒரு ஆளின் படத்தை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யவும் முடியாது. ஆனால் அவனுடைய பயம் நிஜம், சிகிச்சையால் நிறையப் பேர் தேறியிருக்கிறார்கள் என்றார்.

கடைசியாக, சத்தம் கேட்டதும் அவன் என்ன செய்தான் என்று கேட்டார். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அவன் ஓடி ஒளியவில்லை. என்னை மூடிப் படுத்திருக்கிறான். அந்த அறையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முறை வர ஒத்துக்கொண்டான்.

கிடங்கில் எல்லாரிடமும் பேசினேன். இனிமேல் தட்ட வேண்டாம், கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று கை காட்டுவோம் என்றேன். அன்று கேலி செய்தவரே, "சரி லா, எனக்கும் கை வலி குறையும்" என்றார்.

சில வாரம் கழித்து மச்சான் வேலைக்குத் திரும்பினான். இப்போதும் ஏதாவது விழுந்தால் திடுக்கிடுவான். ஆனால் மறைப்பதில்லை. "ரெண்டு நிமிசம் மாமா" என்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தானே எழுந்து வருவான். சிகிச்சைக்கும் தவறாமல் போகிறான்.

ஒருவர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், அதற்குச் சாட்சி கேட்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை நாற்பது வயதுக்குமேல்தான் நான் கற்றுக்கொண்டேன்; நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள்.