உணவு முத்திரைக்காகச் சொன்ன பொய்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் கல்முனையில் என் இரண்டு பிள்ளைகளோடு என்னிடம் வளர்ந்தார்கள். என் கணவர் வயலில் கூலி வேலை செய்தார். வேலை கிடைக்காத நாளில் ஆறு பேருக்கும் கஞ்சிதான்.

பிள்ளைகளின் தகப்பன் பொத்துவிலில் வேறு கல்யாணம் முடித்துவிட்டார். அரிசி வாங்க அரசாங்கம் கொடுக்கும் உணவு முத்திரை மட்டும் பிள்ளைகளின் பெயரில் அவர் கைக்கே போனது. அதை என் வீட்டுக்கு மாற்ற அவருடைய கையொப்பம் வேண்டும். மூன்று தடவை பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். மறுத்துவிட்டார்.

வேறு வழி தெரியாமல் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு கிராம அதிகாரியான விதானையாரிடம் போனேன்.

"தகப்பன் எங்க?" என்று கேட்டார்.

"மௌத்தாகிட்டார்" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு அந்த எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தார். "ஓமா மகள்?"

அவளிடம் இதைப் பற்றி நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஓம், மௌத்து" என்றாள்.

திரும்பி வரும் வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சாச்சி, இனி வாப்பா நம்மளப் பார்க்க வந்தா, அவர ஆரெண்டு சொல்ற?"

அவள் கையை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த மாதம் முத்திரை வந்தது. பிள்ளைகள் வயிறாறச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு விதானையாரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வாப்பாவைப் பற்றி அவளும் ஒருநாளும் கேட்கவில்லை.

பசிக்காக நான் சொன்ன பொய்யை அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்புகிறேன். அதை அவள் வாயாலும் சொல்ல வைத்ததற்கு அவளிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.