அடுத்த அத்தியாயத்தில் இருந்தது

எங்கள் வீட்டில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். கிள்ளானில் லோரி ஓட்டும் அப்பாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் பாட்டென்றால் உயிர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிரபல பாடகரின் சுயசரிதையை வாங்கி, மாலைதோறும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கு அதில் பெருமை.

சர்க்கரை நோயான இனிப்புநீருக்குப் போடும் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் குரல் தெளிந்தது என்று அந்தப் பாடகர் ஓர் இடத்தில் எழுதியிருந்தார். அந்த அத்தியாயத்தோடு எனக்குப் பல்கலைக்கழகத் தேர்வு வந்துவிட்டது. இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை.

அப்பாவுக்கும் இனிப்புநீர். அவர் காலில் புண் கறுத்த பிறகுதான் மருந்துப் பை பிரிக்கப்படாமலே கிடந்ததைப் பார்த்தேன்.

“ஏன்பா மருந்து சாப்பிடல?”

“நீதானம்மா வாசிச்ச? அவ்ளோ பெரிய ஆளு, புத்தகத்துல பொய்யா எழுதுவாரு?”

வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். இனி அவரால் லோரி ஓட்ட முடியாது. மருத்துவமனையில் காத்திருந்தபோது அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். மருந்தை விட்டதால் மேடையிலேயே மயங்கி விழுந்ததை, தன் முட்டாள்தனம் என்று அந்தப் பாடகரே எழுதியிருந்தார். அதையும் அப்பாவுக்கு வாசித்தேன்.

“இத அன்னைக்கே வாசிச்சிருக்கலாம்லா,” என்றார். திட்டவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம்வரை முதலில் நான் படித்துவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் அப்பாவின் முன் வாய் திறக்கிறேன்.