குமாஸ்தா கேட்ட பிளஸ் டூ மார்க்‌ஷீட்

திருமணமாகி கல்கத்தா வந்தபின், அஞ்சல் வழியில் படித்த பி.ஏ.வை வைத்துச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். கவுன்ட்டரில் இருந்த வங்காளி குமாஸ்தா, "தீதி (அக்கா), பிளஸ் டூ மார்க்‌ஷீட் எங்கே?" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். பட்டமே இருக்கும்போது அது எதற்கு?

"அவன் ஏதோ எதிர்பார்க்கறான். பிடி குடுக்காதே" என்றார் என் கணவர். எனக்கும் அதே சந்தேகம்தான்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்றும் குமாஸ்தா அதையே கேட்டார். "பிரின்சிபாலிடம் புகார் செய்வேன்" என்று சீறினேன்.

அவர் பதறிவிட்டார். "பிளஸ் டூ முடிக்காம அஞ்சல் வழியில நேரா டிகிரி வாங்கினவங்களை இங்க சேர்க்க மாட்டாங்க, தீதி. நீங்க முடிச்சிருந்தா நாலு மணிக்குள்ள கொண்டு வாங்க!"

டாக்ஸியில் பெஹாலாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடி, பெட்டியைக் குடைந்து அதை எடுத்துத் திரும்பியபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. மற்ற கவுன்ட்டர்களை மூடிவிட்டார்கள். அவர் மட்டும் எனக்காகக் காத்திருந்தார்.

இப்போதெல்லாம் யார் எந்தக் காகிதம் கேட்டாலும், சந்தேகப்படும் முன் "எதற்கு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.