நான் சொல்லிவிட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர் கூடலூரிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். அம்மன் கோயில் பொறுப்பு ஊர்ப் பெரியவர் குடும்பத்துக்கு. என் அப்பா இறந்தபோது சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர் அந்தப் பெரியவர். அவரை மோசமானவர் என்று யாரும் சுலபமாக முடிவு கட்டிவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் வெளியூரிலிருந்து ஒரு பாஸ்டர் வந்தார். திராட்சைத் தோட்டத்தை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஜெபக்கூட்டம் நடத்தினார். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். வந்த முதல் மாதமே என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க கும்பிடுறது மாதாவை இல்ல, பொம்மையை" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊழியம் செய்ய வந்தவருக்கு என் மாதாவோடு என்ன வழக்கு? அன்றிலிருந்து அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பெரியவரின் மருமகள் என்னிடம் படித்தவள். இரண்டு முறை கரு கலைந்த துக்கத்தில் அந்தக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். பொட்டு வைப்பதை விட்டாள். அந்த வருட அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்க மாட்டேன் என்று மாமனாரிடமே சொல்லிவிட்டாள். அந்த வீட்டு முளைப்பாரிதான் ஊரில் முதலில் கிளம்பும். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஒரு சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். "வெள்ளிக்கிழமை விடியக்காலம் ஆத்துப் படித்துறையில ஞானஸ்நானம் எடுக்கப் போறேன் டீச்சர். ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிராதீக."

மறுநாளே பெரியவர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஊருக்குள்ள என்னென்னமோ பேசிக்கிறாக டீச்சர். ஒங்ககிட்ட அவ எதையும் மறைக்க மாட்டா. அந்தாளு எங்க சாமிய மட்டுமா பேசுறான்? ஒங்க மாதாவையும்தான பேசுறான். என்னைக்கு ஆத்துக்குப் போறாகன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். கிழமை, நேரம், படித்துறை எல்லாவற்றையும். பாஸ்டர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார், அதோடு முடியும் என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, ஆசைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆற்றங்கரையில் ஒரு கூட்டமே காத்து நின்றது. பாஸ்டரின் பைக்கைத் தண்ணீரில் தள்ளினார்கள். அவர் மதியத்துக்குள் ஊரைக் காலி செய்தார். அவளை ஈரப் புடவையோடு தெரு வழியாக நடத்தி வந்தார்கள். என் வாசலைக் கடக்கும்போது, "நீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வருடம் முதல் முளைப்பாரியை அவள்தான் சுமந்தாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. அதன்பின் என்னோடு பேசவே இல்லை.

இப்போது மாதா கோயில் திருவிழாப் பொறுப்பில் நானும் இருக்கிறேன். போன மாதம், கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கையில், பெரியவர் மறுபடி வந்தார். கூடவே நாலு பேர், நான் பார்த்தறியாத முகங்கள்.

"இந்த வருசம் சப்பரம் எந்தப் பக்கமாப் போகுது டீச்சர்?" என்றார், தன்மையாகத்தான்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாதா அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறாள். சப்பரத்தை நிறுத்தி மாலை போடுவதே அவர்தான். அவருக்கா வழி தெரியாது? வந்த நால்வரும் என் வீட்டுச் சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க எந்தப் பக்கம்னு சொல்றீகளோ, அந்தப் பக்கமே போகட்டும்ணே" என்றேன்.